பிள்ளைகள் விளையாட்டுக் கவசத்தைக் கழற்றாமல் போட்டுக்கொள்ள: சென்னைப் பெற்றோருக்கான முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி. அயனாவரம் பக்கம் ஒரு ஸ்கூட்டர் போகிறது. ஓட்டுகிறவர் அப்பா, பின்னால் உட்கார்ந்திருப்பது 8 வயதுப் பையன். முன்னால் காலடியில் கிட் பேக். பேக்குக்குள் புது கிரிக்கெட் ஹெல்மெட் பத்திரமாக இருக்கிறது. பையன் தலையில் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டு ஸ்கூட்டரும் இரண்டு வருடம் இப்படித்தான் போய் வந்தது. பெரியவனுக்கு இப்போது 12 வயது, கிரிக்கெட் ஆடுகிறான். சின்னவளுக்கு 8, ஸ்கேட்டிங். இருவருக்கும் கவசம் மாட்டிவிட நான் திட்டிப் பார்த்திருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எதுவும் ஒரு வாரத்தைத் தாண்டவில்லை. பிள்ளை கவசத்தைக் கழற்றிப் போடுகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பெரும்பாலும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய காரணம். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை நம் பேச்சு எதுவும் ஏறாது. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அந்த இரண்டு வருடம் ஆனது. அதனால் இந்த வழிகாட்டி அங்கிருந்தே தொடங்குகிறது.

முதல் படி: ஏன் கழற்றுகிறான் என்று கண்டுபிடியுங்கள்

"ஏன்டா போடமாட்டேங்கிற?" என்று கேட்டால் "பிடிக்கல" என்றுதான் பதில் வரும். கேட்கிற விதத்தை மாற்ற வேண்டும்.

நான் செய்தது இது. ஒரு நாள் நெட்ஸ் (வலைக்குள் நடக்கும் பேட்டிங் பயிற்சி) முடிந்து வந்த பெரியவனை உட்காரவைத்து ஹெல்மெட்டைப் போடச் சொன்னேன். போட்டபடியே 10 நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். கழற்றியபோது இடது நெற்றிப்பொட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. ஹெல்மெட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒட்டியிருந்த நுரை மெத்தை ஒன்று பிய்ந்து போயிருந்தது. அதற்கடியில் இருந்த பிளாஸ்டிக் விளிம்பு நேராகத் தலையில் அழுத்திக்கொண்டிருந்தது. "ஏன்டா சொல்லல?" என்றேன். "சொன்னேனேம்மா, வலிக்குதுன்னு. நீதான் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பழகிடும்னு சொன்ன."

அவன் சொன்னது உண்மை. அன்றைக்கே ஸ்பேர் மெத்தை வாங்கி ஒட்டினோம். அதற்குப் பிறகு ஹெல்மெட்டுக்காக ஒரு சண்டைகூட வரவில்லை.

இப்படித் தேடினால் கிடைக்கிற காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எங்காவது அழுத்துகிறது. ஹெல்மெட் ஆடி ஆடிக் கண்ணை மறைக்கிறது. மூக்குக்கண்ணாடி உள்ளே மாட்டிக்கொள்கிறது. வேர்த்து அரிக்கிறது. நாற்றம் அடிக்கிறது. தலைப்பின்னல் இடிக்கிறது. கூட ஆடுகிறவர்கள் கிண்டல் செய்கிறார்கள். கடைசிக் காரணத்தைத் தவிர மற்றவை எல்லாம் கவசத்தில் இருக்கும் குறைகள், ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். கிண்டலுக்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: எந்த ஆட்டத்துக்கு எது கட்டாயம் என்று முடிவு செய்யுங்கள்

எல்லா ஆட்டத்துக்கும் எல்லாவற்றையும் மாட்டிவிட்டால் பிள்ளை நம் பேச்சை மதிக்காது. தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடும்போது காலுக்கு பேட் கட்டச் சொன்னால், நாளைக்கு லெதர் பந்துக்கு ஹெல்மெட் போடச் சொல்லும்போதும் "அம்மா எப்பவும் இப்படித்தான்" என்று போய்விடும். அதனால் கட்டாயமானவை சில, அவற்றில் விட்டுக்கொடுப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட்டில் கணக்கு பந்தை வைத்துத்தான். ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து என்றால் பெரிய பயமில்லை. லெதர் பந்து வேறு சங்கதி. பெரியவர்கள் ஆடும் பந்து 156 முதல் 163 கிராம் எடை. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கான பந்தும் 133 கிராமுக்குக் குறையாது. லெதர் பந்து கையில் எடுத்தால் ஹெல்மெட், கார்டு (உள்ளாடைக்குள் வைத்துப் பிறப்புறுப்பைக் காக்கும் கவசம்), கால் பேட், கிளவுஸ் நான்கும் கட்டாயம். தொடைக்கு மாட்டும் தை பேட் இருந்தால் நல்லது.

நம் ஊரில் யாரும் கணக்கில் சேர்க்காத பந்து ஒன்று இருக்கிறது, கார்க் பால். லெதர் பந்து விலை கட்டுப்படியாகாத இடத்தில் பசங்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்குவது அதைத்தான். அது லெதர் பந்துக்குச் சளைக்காத கடினம். மேடுபள்ளமான தரையில் விழுந்தால் எப்படி எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதை ஆடுகிற இடத்தில் கவசம் இருக்காது, ஏனென்றால் அது 'சும்மா' ஆட்டம். அகாடமியில் தலை முதல் கால் வரை மாட்டிக்கொள்கிற பையன், மாலையில் தெருக்கோடி காலி மனையில் வெறும் தலையோடு கார்க் பாலுக்கு நிற்கிறான். எங்கள் வீட்டு விதி: கார்க் பால் என்றால் ஹெல்மெட்டும் கார்டும் வேண்டும், இல்லையென்றால் ரப்பர் பந்துக்கு மாறிக்கொள்.

பேட்ஸ்மேனுக்கு மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 1998 பிப்ரவரியில் டாக்காவில் நடந்த ஒரு கிளப் ஆட்டத்தில் இந்திய வீரர் ராமன் லம்பா ஷார்ட் லெக்கில், அதாவது பேட்ஸ்மேனுக்கு மிக நெருக்கத்தில், ஃபீல்டிங் நின்றார். ஓவரில் இன்னும் சில பந்துகள்தானே என்று ஹெல்மெட் வாங்கிக்கொள்ளவில்லை. பேட்ஸ்மேன் அடித்த பந்து தலையில் பட்டது, மூன்றாம் நாள் இறந்துபோனார். அதே டாக்காவில் 2000 ஆசியக் கோப்பையின்போது விக்கெட் கீப்பர் சபா கரீமின் கண்ணில் பந்து பட்டது. அனில் கும்ப்ளே போட்ட பந்து, அதாவது சுழற்பந்து. 'ஸ்பின்தானே' என்று கீப்பருக்கு ஹெல்மெட் வேண்டாம் என்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். வேகப்பந்தை எதிர்கொள்ளும் பேட்ஸ்மேன், ஸ்டம்பை ஒட்டி நிற்கும் கீப்பர், பேட்ஸ்மேனுக்கு முன்னால் நெருங்கி நிற்கும் ஃபீல்டர் மூவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2023-ல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலே (ஐ.சி.சி.) விதி கொண்டுவந்துவிட்டது.

ஸ்கேட்டிங்கில் தலைக்கு ஹெல்மெட், முட்டிக்கும் முழங்கைக்கும் பேட், மணிக்கட்டுக்கு கார்டு. இதில் எல்லோரும் விட்டுவிடுவது மணிக்கட்டைத்தான். விழும்போது எந்தக் குழந்தையும் கையைத்தான் முதலில் ஊன்றும், முழு எடையும் மணிக்கட்டில் இறங்கும். எலும்பு முறிவுகள் நிறைய வருவது அங்கேதான். சைக்கிளுக்கு ஹெல்மெட் ஒன்றே போதும்.

கால்பந்தில் முன்னங்கால் எலும்புக்கான ஷின் கார்டு சர்வதேச விதிகளின்படியே கட்டாயம், சாக்ஸுக்குள் மறைந்துவிடும் என்பதால் பிள்ளைகளும் தகராறு செய்வதில்லை. ஹாக்கிக்கு ஷின் கார்டோடு பல்லுக்கு மவுத் கார்டும் வேண்டும். பேட்மிண்டனில், குறிப்பாக டபுள்ஸ் ஆடும் பிள்ளைகளுக்குக் கண் முக்கியம். ஷட்டில்காக் கண் குழிக்குள் சரியாகப் பொருந்துகிற அளவு. பார்வைக்காகப் போடும் சாதாரணக் கண்ணாடி அதைத் தடுக்காது, உடைந்தால் கூடுதல் ஆபத்து. விளையாட்டுக்கென்றே பாலிகார்பனேட்டில் கண்ணாடி வருகிறது, பவரோடும் செய்து தருவார்கள்.

மூன்றாம் படி: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்

ஆன்லைனில் வாங்கினால் பணம் கொஞ்சம் மிஞ்சலாம், ஆனால் முதல் ஹெல்மெட்டைக் கடையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன. வார நாளில் போனால் கடைக்காரருக்கு நம்மோடு பேச நேரம் இருக்கும். போகும்போது பிள்ளையின் கிரிக்கெட் மட்டையையும் கிளவுஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி போடும் பிள்ளை என்றால் அதையும் போட்டுக்கொண்டு வரட்டும்.

கடையில் நம் வாயில் தானாக வருகிற ஒரு வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள்: "வளர்ற பையன், ஒரு சைஸ் பெருசாவே குடுங்க." பள்ளிச் சீருடைக்கு அது சரி. கவசத்துக்கு அது விபரீதம். ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட் ஓடும்போது கண்ணுக்கு மேல் சரியும், பந்து வரும் நேரத்தில் பிள்ளை அதைத் தூக்கிவிட்டுக்கொண்டிருக்கும். ஒரு சைஸ் பெரிய கால் பேட்டில் ரன் ஓட முடியாது, அவுட் ஆகும். அன்றோடு அந்தப் பிள்ளைக்கு கவசம் என்றாலே வெறுப்பு. இன்றைய தலைக்கு இன்றைய அளவுதான் வாங்க வேண்டும்.

தலையின் சுற்றளவை வீட்டிலேயே தையல் டேப்பில் எடுத்துக்கொள்ளலாம். புருவத்துக்குச் சற்று மேலே, காதுகளுக்கு மேலே, பின்னந்தலை புடைப்பான இடத்தைச் சுற்றி வர வேண்டும். டேப் இல்லையென்றால் நூலால் சுற்றி ஸ்கேலில் அளந்தாலும் சரி.

பிறகு கடையில் போட்டுப் பாருங்கள். சைக்கிள், ஸ்கேட்டிங் ஹெல்மெட் என்றால் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும், பின்னால் சாய்ந்து நெற்றி தெரியக்கூடாது. வார்கள் காதுக்குக் கீழே வி போலச் சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். வாயை அகலத் திறந்து கொட்டாவி விடச் சொல்லுங்கள், அப்போது ஹெல்மெட் தலையைக் கீழே இழுப்பதுபோல் இருந்தால் வார் சரியாக இருக்கிறது. தலையை 'ஆமாம், இல்லை' என்று ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து போக வேண்டும், தனியாக ஆடக்கூடாது.

கிரிக்கெட் ஹெல்மெட்டில் இன்னொரு சோதனை இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் பீக்குக்கும் (நெற்றிக்கு மேல் நீட்டியிருக்கும் விளிம்பு) கிரில்லுக்கும் (முகத்தை மறைக்கும் கம்பி) நடுவே ஒரு இடைவெளி இருக்கும். பிள்ளை ஆடுகிற பந்தைக் கையில் எடுத்து அந்த இடைவெளியில் வைத்து அழுத்திப் பாருங்கள், உள்ளே போகவே கூடாது. சிறுவர்களின் பந்து சின்னது என்பதால் பெரியவர்கள் ஹெல்மெட்டில் சிக்காமல் அது நுழைந்துவிடலாம். அண்ணன் ஹெல்மெட்டைத் தம்பிக்குக் கொடுக்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கான பிரிட்டிஷ் தரம் பி.எஸ். 7928:2013. எந்தப் பந்துக்குச் சோதித்தார்கள், சிறுவர் பந்துக்கா பெரியவர் பந்துக்கா என்று அந்த லேபிளில் பார்த்து வாங்குங்கள். ஸ்கேட்டிங், சைக்கிள் ஹெல்மெட்டுக்கு ஐரோப்பியத் தரமான ஈ.என். 1078 இரண்டுக்கும் பொருந்தும், ஒன்று வாங்கினால் போதும். 2014-ல் ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இறந்த பிறகு பின்கழுத்தை மறைக்கும் சின்ன கார்டுகள் பரவலாயின. வேகப்பந்து ஆடத் தொடங்கிய பிள்ளைக்கு அதையும் சேர்த்து வாங்குங்கள்.

கால் பேட் கட்டினால் முட்டிச்சில்லு பேட்டின் முட்டிப் பகுதிக்கு நடுவில் வர வேண்டும். கட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நாலடி ஓடட்டும், மட்டையைப் பிடித்து பந்தை எதிர்கொள்கிற மாதிரி நிற்கட்டும். கடைக்காரர்கள் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், அவர்களும் ஆடிப் பார்த்தவர்கள்தான்.

நிறத்தைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். அளவும் தரமும் நம் கையில், நிறம் அவர்கள் கையில். சின்னவள் எடுத்த ஊதா நிற ஹெல்மெட் எனக்குப் பிடிக்கவே இல்லை, ஆனால் அதை அவள் தூங்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பணம் நெருக்கடி என்றால் கால் பேட், ஷின் கார்டு போன்றவற்றை யாராவது பயன்படுத்தியதாக இருந்தாலும் வாங்கலாம். ஹெல்மெட்டை மட்டும் அப்படி வாங்காதீர்கள். ஏற்கெனவே அடி வாங்கியதா என்பது வெளியே பார்த்தால் தெரியாது.

நான்காம் படி: மைதானத்துக்கு முன்னால் வீட்டில் பழக்குங்கள்

புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் கால் கடிக்கும். கவசமும் அப்படித்தான். முதல் நாளே மைதானத்தில் போட்டால் மொத்த ஆட்டமும் அந்த உறுத்தலிலேயே போகும். ஒரு வாரம் வீட்டில் தினமும் 15 நிமிடம் போட்டுக்கொண்டு டி.வி. பார்க்கட்டும், மொட்டை மாடியில் நடக்கட்டும்.

சின்னவளுக்கு நான் செய்த இன்னொன்று, இதுவரை யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: விழக் கற்றுக்கொடுத்தேன். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளப் பார்க்கிங்கில், ஸ்கேட் இல்லாமல், வெறும் பேட்களும் ஹெல்மெட்டும் மட்டும் மாட்டி, ஓடி வந்து முட்டி போட்டு விழு என்றேன். முதல் தடவை பயந்து பயந்து உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை விழுந்தாள். மூன்றாம் தடவை முட்டி பேட்டின் பிளாஸ்டிக் மூடி சிமென்ட் தரையில் 'சர்ர்' என்று வழுக்கிக்கொண்டு போனதும் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். 20 தடவை விழுந்திருப்பாள். கழற்றிய பிறகு பேட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். விரலால் ஒவ்வொன்றாகத் தடவிவிட்டு, "இதெல்லாம் என் முட்டில விழ வேண்டியதாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு நான் அவளிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடிபட்ட பிள்ளைகளின் படங்களைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். பயந்த பிள்ளை ஆட்டத்தையே விட்டுவிடும். தன் உடம்பில் உணர்ந்த பிள்ளை கவசத்தை நம்பும்.

ஐந்தாம் படி: நம் ஊர் வெயிலுக்கும் தலைமுடிக்கும் ஏற்பாடு செய்யுங்கள்

குளிர்நாட்டில் எழுதிய வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. நமக்கோ பாதிச் சண்டை இங்கேதான்.

கத்திரி வெயில் காலத்தில் காலை 9 மணிக்கே ஹெல்மெட்டுக்குள் தலை அவிந்துவிடும். மே மாதப் பயிற்சியைக் காலை 6 முதல் 8 என்று வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணித் தொப்பி ஒன்று போட்டால் வேர்வை கண்ணில் இறங்காது. அது மெல்லியதாக இருக்க வேண்டும், தடித்தால் ஹெல்மெட்டின் அளவே மாறிவிடும். இரண்டு மூன்று தொப்பிகள் வைத்துக்கொண்டு இடையில் மாற்றலாம். பேட்டிங் முறை வராதபோது ஹெல்மெட்டைக் கழற்றி நிழலில் தலையை ஆறவிட அனுமதி கொடுங்கள். எப்போது கழற்றலாம் என்று தெரிந்த பிள்ளைக்கு எப்போது கழற்றக்கூடாது என்பதும் தெளிவாகத் தெரியும்.

தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் ஹெல்மெட் வழுக்கும், உள்மெத்தையும் பிசுபிசுத்து நாற்றம் பிடிக்கும். பயிற்சி நாட்களுக்கு முந்தைய இரவு எண்ணெய் வேண்டாம், மற்ற நாட்களில் வையுங்கள். பெண் குழந்தைகளுக்கு உச்சிக் கொண்டை, உயரமான போனிடெயில் இரண்டும் ஹெல்மெட்டைத் தூக்கிவிடும். கழுத்தோடு ஒட்டிய தாழ்வான ஒற்றைப் பின்னல்தான் சரி. கிளிப், ஹேர்பேண்ட் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. அடிபட்டால் அதுவே குத்தும்.

அகாடமியின் பொது ஹெல்மெட்டைப் போட்டால் பேன் வரும் என்று பல அம்மாக்கள் பயப்படுகிறோம், நியாயம்தான். துணித் தொப்பி அதையும் ஓரளவு தடுக்கும். முடிந்தால் ஹெல்மெட்டும் கார்டும் மட்டுமாவது சொந்தமாக வாங்கிக்கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிட் பேக்கை மூடியபடி மூலையில் போடுவதுதான் நாற்றத்துக்குக் காரணம். எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஃபேனடியில் உலர்த்துங்கள். நேர் வெயிலில் மணிக்கணக்காகப் போட வேண்டாம், நுரையும் பிளாஸ்டிக்கும் கெட்டுப்போகும். மூடிய காருக்குள் விட்டுவிடுவதும் அதே கதை. கார்டையும் அதன் உள்ளாடையையும் தினமும் துவைக்க வேண்டும், துவைக்காவிட்டால் தொடை இடுக்கில் படை வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கால் பேட்டின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வையுங்கள்.

ஆறாம் படி: மாட்டும் வரிசையைப் பழக்கமாக்குங்கள்

கவசத்தை ஒரு வரிசையில் மாட்டிப் பழகிவிட்டால் எதுவும் விட்டுப்போகாது. கிரிக்கெட்டுக்கு: கார்டு, தை பேட், கால் பேட், ஹெல்மெட், கடைசியாக கிளவுஸ். கிளவுஸை முதலில் மாட்டினால் வேறு எந்த வாரையும் போட முடியாது. ஸ்கேட்டிங்குக்கு: முட்டி, முழங்கை, ஹெல்மெட், பிறகு ஸ்கேட், கடைசியாக மணிக்கட்டு கார்டு. காலில் சக்கரம் ஏறிய பிறகு பேட் மாட்ட முயன்று அங்கேயே விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

முந்தைய இரவே பிள்ளை தானாகப் பையை அடுக்கட்டும். கடைசியில் மாட்டுவது அடியில், முதலில் மாட்டுவது மேலே. நாம் அடுக்கிக் கொடுத்தால் "அம்மா கார்டு வைக்கல" என்று நம்மேல் பழி வரும், அதோடு அன்றைக்கு கார்டு இல்லாமலேயே ஆடிவிட்டும் வருவார்கள்.

ஏழாம் படி: கோச், நண்பர்கள், தாத்தா

ஒரு பிள்ளை மட்டும் போட்டால் கிண்டல். எல்லோரும் போட்டால் அது வெறும் யூனிஃபார்ம். கிண்டலுக்கு மருந்து இது ஒன்றுதான், அதைக் கொடுக்கக்கூடியவர் கோச்.

பெரியவன் முதலில் போன இடத்தில் கோச் த்ரோடவுன் போடும்போது (பக்கத்திலிருந்து கையால் பந்தை எறிந்து கொடுக்கும்போது) ஹெல்மெட் வேண்டாம் என்பார், "மெதுவாத்தானே போடுறேன்" என்று. ஒரு நாள் பந்து மட்டையின் விளிம்பில் பட்டு உதட்டைக் கிழித்தது. இரண்டு தையல். பக்கத்து நெட்டிலிருந்து பந்து பறந்து வருவதும் நெட்ஸில் சகஜம். வேறு இடம் சேர்க்கும்போது முதல் கேள்வியாக நான் கேட்டது, "சார், ஹெல்மெட் இல்லாம யாரையாவது நெட்டுக்குள்ள விடுவீங்களா?" என்பதுதான். "விடவே மாட்டேன்மா" என்று சட்டென்று பதில் வந்தது. சேர்த்துவிட்டேன். நீங்களும் சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கோச்சின் சொல்லைவிட அங்கே ஆடுகிற பிள்ளைகளின் தலை அதிகம் சொல்லும்.

ஏற்கெனவே சேர்த்துவிட்ட இடம் என்றால் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து, தனியாக, மரியாதையாகக் கேளுங்கள். பசங்கள் முன்னால் கேட்டால் அவருக்கும் சங்கடம். பிள்ளைகளுக்குப் பெரிய ஆட்டக்காரர்களைக் காட்டுங்கள். 2025-ல் சீனாவில் ஸ்பீட் ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கிய நம் தமிழ்நாட்டு ஆனந்த்குமார் வேல்குமார் ஹெல்மெட்டோடுதான் கோட்டில் நின்றார். டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன சென்னைப் பெண் பவானி தேவியை வாள்வீச்சுக் களத்தில் முகக்கவசம் இல்லாமல் யாரும் பார்த்திருக்க முடியாது.

அப்புறம் தாத்தா. "நாங்கல்லாம் ஹெல்மெட்டா போட்டோம்?" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் நம் மூன்று மாத உழைப்பு போச்சு. அவரோடு வாதாடாமல் அவரையே கதை சொல்ல வையுங்கள். நாரி கான்ட்ராக்டரை அவர்கள் தலைமுறைக்குத் தெரியும். 1962-ல் பார்படாஸில் சார்லி கிரிஃபித் போட்ட பந்து இந்தியக் கேப்டன் கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. உயிர் பிழைக்க ரத்தம் கொடுத்தவர்களில் எதிரணிக் கேப்டன் ஃபிராங்க் வொரெலும் ஒருவர். கான்ட்ராக்டர் அதற்குப் பிறகு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. எங்கள் மாமனார் இந்தக் கதையை பேரனுக்குச் சொல்லி முடித்தபோது அவரே, "அப்பல்லாம் ஹெல்மெட்டே கிடையாதுடா, இருந்திருந்தா அந்த மனுஷன் இன்னும் எவ்வளவு ஆடியிருப்பான்" என்றார்.

நாமும் இதில் அடக்கம். மோட்டார் வாகனச் சட்டப்படி 4 வயதுக்கு மேற்பட்ட யாரும் இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட் போட வேண்டும். அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு ஹெல்மெட்டோடு உடம்பில் கட்டும் வாரும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. மைதானத்துக்குப் போகிற வழியில் வெறும் தலையோடு கூட்டிப்போய்விட்டு, இறங்கியதும் ஹெல்மெட் போடு என்றால் எந்தப் பிள்ளையும் நம்பாது. அவசரத்துக்குக் கிரிக்கெட் ஹெல்மெட்டை ஸ்கூட்டரில் மாட்டுவதும் கூடாது, அது பந்துக்காகச் செய்தது. வண்டிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, பிள்ளையின் தலை அளவுக்கான ஹெல்மெட் தனியாக வேண்டும்.

எட்டாம் படி: வளர்ந்த பையன்களின் கூச்சம்

11, 12 வயதில் பையன்கள் கார்டு போட மறுப்பது பெரும்பாலும் வெட்கத்தால். அம்மா எல்லோர் முன்னாலும் "கார்டு போட்டியா?" என்று கேட்டால் முடிந்தது கதை. அப்பா, மாமா, அண்ணன் யாராவது தனியாக உட்கார்ந்து எதற்கு, எப்படி மாட்டுவது என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். கார்டுக்கென்று பை வைத்த இறுக்கமான உள்ளாடை விற்கிறது, அதில் வைத்தால் நழுவாது. வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு கிளம்பினால் மைதானத்தில் மறைவிடம் தேட வேண்டியதும் இல்லை.

ஒன்பதாம் படி: கவசம் இருந்தும் அடிபட்டால்

தலையில் பலமாக அடிபட்டால், பிள்ளை "ஒண்ணும் இல்ல" என்று சொன்னாலும், அன்றைக்கு ஆட்டம் அதோடு முடிந்தது. தலைவலி, தலைசுற்றல், குழப்பம், வெளிச்சம் கூசுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது எல்லாம் கன்கஷனின் (அடியால் மூளை குலுங்குவதன்) அறிகுறிகள், டாக்டரைப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, தலைவலி கூடிக்கொண்டே போவது, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, காது மூக்கில் ரத்தமோ தண்ணீர் போன்றதோ வருவது என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே 108. கழுத்து வலிக்கிறது என்றால் பிள்ளையை அசைக்காதீர்கள், ஹெல்மெட்டையும் இழுத்துக் கழற்றாதீர்கள். டாக்டர் சரி என்று சொல்லும் வரை மேட்ச் எவ்வளவு முக்கியமானாலும் அனுப்பாதீர்கள்.

நிலைப்பல் விழுந்துவிட்டால் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள், வேரைத் தேய்க்க வேண்டாம். முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்ப வைக்கலாம், இல்லையென்றால் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போங்கள். பக்கத்து டீக்கடையில் காய்ச்சாத பால் கிடைக்கும், சூடான பால் வேண்டாம். பால்பல் என்றால் திரும்ப வைக்கக்கூடாது. விரைப்பகுதியில் அடிபட்டு ஒரு மணி நேரத்திலும் வலி குறையவில்லை, வீங்குகிறது, வாந்தி வருகிறது என்றால் அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி. விரை முறுக்கிக்கொண்டிருந்தால் 6 மணி நேரத்துக்குள் சிகிச்சை தேவைப்படும். இதைச் சொல்லப் பையன்கள் வெட்கப்படுவார்கள். சொன்னால் திட்டமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், இன்னொரு அடியைத் தாங்காது. புதிது வாங்குங்கள். பழையதைக் காயலான் கடைக்கோ குப்பைக்கோ போடும் முன் கத்தரிக்கோலால் அதன் வாரை வெட்டிவிடுங்கள், யாராவது எடுத்துப்போய் வேறு ஒரு பிள்ளையின் தலையில் மாட்டிவிடக் கூடாது.